பூட்டுவதற்கு முன் ஒரு மதிப்பீடு

என் அக்காவைப் பூட்டிய இல்லம் ஒன்றில் சேர்த்தபோது, சேர்க்கைப் படிவத்தில் சாட்சியாகக் கையொப்பமிட்டவன் நான். நான்கு பக்கப் படிவம் அது. முதல் மூன்று பக்கங்களும் பணம் பற்றியவை. முன்பணம், மாதக் கட்டணம், டயப்பருக்குத் தனிக் கட்டணம், மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் உடன் இருப்பவருக்கான நாள்கூலி, இறப்பு நேர்ந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் உடலைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற விதி. நான்காம் பக்கத்தில்தான் அக்கா இருந்தார். பெயர், வயது, இரத்த வகை, உட்கொள்ளும் மருந்துகள். அதன் கீழே ஒரு வரி: 'வெளியே செல்லும் பழக்கம் உண்டா?' உண்டு, இல்லை என்று இரு கட்டங்கள். அக்காவின் மகள் 'உண்டு' என்ற கட்டத்தில் சரிக்குறி இட்டாள். அந்த ஒரு சரிக்குறியின் பேரில், 31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்த ஒரு பெண், எண் பூட்டு போட்ட கதவுக்குப் பின்னால் அனுப்பப்பட்டார்.

முழு நடைமுறையும் 20 நிமிடங்களில் முடிந்துவிட்டது. அக்காவிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'சாப்பிட்டீங்களா பாட்டி?' என்று மட்டும் ஒருவர் கேட்டார்.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இனி அரிதான ஒன்றன்று. இந்திய முதியோர் பற்றிய நெடுங்கால ஆய்வின் ஒரு பகுதியாக நடத்தப்பட்டு 2023-இல் வெளியான மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடச் சிற்றூர்களிலும் இது கூடுதலாக உள்ளது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் காலத்தில் இவர்களுக்கான இல்லங்கள் பெருகுவது இயல்பே. அவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அத்தகைய ஓர் இல்லத்தில்தான் இன்று என் அக்கா நலமாக இருக்கிறார். என் கவலை வேறு. ஒருவருக்கு மறதி நோய் உண்டு என்பது ஒரு முடிவு. அவரைப் பூட்டிய கதவுக்குப் பின் வைக்க வேண்டும் என்பது முற்றிலும் வேறொரு முடிவு. முதலாவதைச் சொன்னவுடன் இரண்டாவது தானாகவே வந்துவிடுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய மதிப்பீடு நம்மிடம் பெரும்பாலும் இல்லை.

அக்காவின் கதைக்கே வருகிறேன். சேர்த்த 19-ஆம் நாள் அவர் குளியலறையில் விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்தபோது அங்கிருந்த முதியோர் நல மருத்துவர் முதலில் கேட்டது மாத்திரைப் பையை. அதை மேசைமேல் கொட்டச் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையுடன் சிறுநீர் பெருக்கி மருந்தும் கலந்திருந்தது. வேறொரு மருத்துவர் என்றோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையும், இல்லத்தில் புதிதாகச் சேர்த்த இன்னொரு மாத்திரையும் இருந்தன. இரத்தப் பரிசோதனையில் சோடியம் வெகுவாகக் குறைந்திருந்தது. காதுகளைப் பார்த்தார்கள். இரண்டிலும் குறும்பி இறுகி அடைத்திருந்தது. மருந்துகளை மாற்றி, சோடியத்தை மெல்ல மெல்லச் சரிசெய்து, காதைச் சுத்தம் செய்த பத்தாம் நாள், அக்கா என்னைப் பார்த்து, 'தம்பி, நீ ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?' என்றார். மூன்று மாதங்களாக அவர் என்னை அடையாளம் கண்டிருக்கவில்லை.

அவருக்கு மறதி நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. நோய் இருந்தது, இருக்கிறது. ஆனால், நாங்கள் நோயின் முற்றிய நிலை என்று எண்ணியதில் ஒரு பகுதி நோயே அன்று. மருந்தும் செவிடும் சேர்ந்து விளைவித்த குழப்பம் அது. நம் ஊரில் ஜன்னி கண்டுவிட்டது என்று சொல்வார்களே, அதற்கு நெருங்கிய ஒரு நிலை. திடீரென வந்த குழப்பம் என்றால் சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, உப்புக் குறைவு, கடும் மலச்சிக்கல், புதிய மருந்து ஆகியவற்றை முதலில் தேட வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்குக் கற்றுத் தரப்படும் பாடம். தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைபாடு, மனச்சோர்வு, கீழே விழுந்ததால் மூளையைச் சுற்றிக் கசிந்த இரத்தம் ஆகியவையும் மறதி நோய்போலத் தோற்றம் காட்டக்கூடும். இவற்றுள் பலவற்றைச் சாதாரணப் பரிசோதனைகளாலேயே அறிய முடியும். சரிசெய்யவும் முடியும். நிரந்தரமாக ஓர் இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் இவற்றைப் பார்த்துவிட்டார்களா என்று கேட்பதற்குக்கூட அந்த நான்கு பக்கப் படிவத்தில் ஒரு வரி இல்லை. முனைவர் பட்டம் பெற்றவன் என்று சொல்லிக்கொள்ளும் நானும் கேட்கவில்லை.

அடுத்து, நினைவாற்றல் சோதனை. 1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியர் தம் சக மருத்துவருடன் சேர்ந்து வகுத்த 30 மதிப்பெண் சோதனை உலகெங்கும் பரவியது. இன்று என்ன தேதி, இது எந்த ஊர், 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள் என்று போகும் அது. பள்ளிக்கூடம் போகாத ஒரு மூதாட்டி இதில் எத்தனை மதிப்பெண் வாங்குவார்? கல்லூரியில் பணிபுரிந்த காலத்தில் நான் தினமும் பூ வாங்கிய அம்மையாருக்கு எழுத்து தெரியாது. ஆனால், முழம் என்ன விலை, நேற்று யார் எவ்வளவு பாக்கி வைத்தார்கள் என்பதில் அவரை ஏமாற்ற முடியாது. அவரை ஐங்கோணம் வரையச் சொன்னால் தோற்றுப்போவார். இதை உணர்ந்தே 1990-களில் ஹரியாணாவின் பல்லப்கர் வட்டாரத்தில், எழுதப் படிக்கத் தெரியாத முதியோருக்கென இச்சோதனையின் இந்தி வடிவம் உருவாக்கப்பட்டது. வளரும் நாடுகளின் மறதி நோயை ஆராய்ந்த '10/66' என்ற பன்னாட்டு ஆய்வுக் குழுவும் கல்வியின்மையால் மதிப்பெண் குறைவதைக் கணக்கில் கொள்ளும் முறைகளை வகுத்தது. சென்னையும் வேலூரும் அதன் களங்களாக இருந்தன. மறதி நோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்ற கணக்கே அக்குழுவின் பெயர்க் காரணம்.

சோதனை எதுவாயினும், அதன் மதிப்பெண் ஒருவரைப் பூட்டுவதற்கான ஆதாரமாகாது. 30-க்கு 14 வாங்கிய ஒருவர் தன் வீட்டில், தன் தெருவில் பத்திரமாக நடமாடலாம். 22 வாங்கிய இன்னொருவர் நள்ளிரவில் எரிவாயு அடுப்பைத் திறந்து வைத்துவிட்டு உறங்கிவிடலாம். எனவே, மதிப்பீடு செய்பவர் கேட்க வேண்டியது, 'இவருக்கு எவ்வளவு நினைவிருக்கிறது' என்பதைவிட, 'இவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது' என்பதே.

அக்கா வெளியே சென்றது உண்மை. இருமுறை தேடிக் கண்டுபிடித்தோம். ஆனால், எப்போது சென்றார், எங்கே சென்றார் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. பிறகு யோசித்தபோதுதான் புலப்பட்டது. இருமுறையும் அவர் கிளம்பியது காலை எட்டேகால் மணியளவில். இருமுறையும் அவர் கிடைத்தது, நான்கு தெரு தள்ளியிருந்த தொடக்கப் பள்ளிக்குச் செல்லும் வழியில். 'நேரமாச்சு, பிரேயர் ஆரம்பிச்சிருப்பாங்க' என்று அவர் சொன்னதை நாங்கள் பிதற்றல் என்று தள்ளிவிட்டோம். சுற்றித் திரிதல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, திரிபவரைப் பொறுத்தவரை எங்கோ போவதுதான். பணிக்குப் போகிறார், பிறந்த வீட்டுக்குப் போகிறார், மாட்டைப் பிடித்துக்கட்டப் போகிறார். சிலர் வலியால் உட்கார முடியாமல் நடக்கிறார்கள். சிலர் கழிப்பறையைத் தேடி நடக்கிறார்கள். காரணம் தெரிந்தால் பூட்டைத் தவிர வேறு வழிகளும் தென்படும்.

மருத்துவமனையிலிருந்து அக்காவை மகள் தன் வீட்டுக்கே, அதே ஊருக்கே, அழைத்துச் சென்றாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் தினமும் காலை எட்டேகாலுக்கு அக்காவுடன் பள்ளி வாசல் வரை நடந்து, பிள்ளைகள் வகுப்புக்குள் போனதும் திரும்ப அழைத்து வருவார். மொத்தம் 40 நிமிடங்கள். அதற்கு மாதம் 2,000 ரூபாய் கொடுத்தோம். இல்லத்தின் மாதக் கட்டணம் 28,000 ரூபாயாக இருந்தது. வாசல் கதவில் திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்று, தொலைபேசி எண் பொறித்த கைவளை ஒன்று, தெருமுனைக் கடைக்காரரிடமும் ஆட்டோ நிறுத்தத்திலும் ஒரு சொல். இவற்றோடு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஓடின. பொருளியல் படித்தவனுக்கு இந்தக் கணக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

ஏன் தோன்றவில்லை என்பதற்கும் பொருளியலில் விடை உண்டு. 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குக் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால் அந்தச் சந்தை எப்படிச் சீர்கெடும் என்று அவர் காட்டினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பூட்டிய இல்லங்களின் சந்தை அதைவிடச் சிக்கலானது. இங்கே பணம் கொடுப்பவர் ஒருவர், உள்ளே வாழ்பவர் இன்னொருவர். உள்ளே வாழ்பவரால் குறை சொல்ல முடியாது, சொன்னாலும் அது நோயின் அறிகுறியாகவே கொள்ளப்படும். சரக்கைச் சோதித்துப் பார்த்து வாங்கவும் வழியில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, இவருக்குப் பூட்டு தேவையா என்று மதிப்பிடுபவரே காலிப் படுக்கையை நிரப்ப வேண்டியவராகவும் இருக்கிறார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. நல்ல மனிதரே ஆனாலும், மாத முடிவில் சம்பளம் கொடுக்க வேண்டியவர் 'உங்கள் அம்மாவுக்கு இது தேவையில்லை' என்று சொல்வது எளிதன்று. குடும்பமும் அந்தச் சொல்லைக் கேட்கும் மனநிலையில் வருவதில்லை. களைத்துப்போய் வருகிறது.

அந்தக் களைப்பையும் மதிப்பிட வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அக்காவின் மகள் முதல்முறை இல்லத்தை நாடுவதற்கு முந்தைய நான்கு மாதங்கள், தன் சேலைத் தலைப்பை அம்மாவின் கையோடு முடிந்துகொண்டு உறங்கினாள். அம்மா எழுந்தால் தனக்கும் விழிப்பு வர வேண்டும் என்பதற்காக. அவளுக்கு அலுவலகம் உண்டு, பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் உண்டு. நான் வேறு ஊரில் இருந்துகொண்டு தொலைபேசியில் அறிவுரை கூறிக்கொண்டிருந்தேன். பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பவர்களைப் பற்றி மேடைகளில் சாடுவோர், இப்படி முடிந்துகொண்டு ஓர் இரவு உறங்கிப் பார்க்கலாம். பராமரிப்பவரின் உறக்கம், உடல்நிலை, வருமானம், உதவிக்கு வரக்கூடிய உறவினர் யார் யார் என்பவை எல்லாம் மதிப்பீட்டின் உறுப்புகளே. பல நேரங்களில் தேவைப்படுவது நோயாளிக்குப் பூட்டன்று, பராமரிப்பவருக்கு இரு வார ஓய்வு. அந்த ஓய்வுக்காகக் குறுகிய கால அனுமதி தரும் இடங்கள் நம்மிடம் மிகக் குறைவு.

இந்தக் கேள்வியை நீண்ட காலம் எதிர்கொண்ட நாடு இங்கிலாந்து. அங்கே இது தொடங்கியது மறதி நோயாளர் ஒருவரால் அன்று. பேச இயலாத, ஆட்டிசம் உடைய ஒருவர், 1997-இல் ஒரு பகல்நேர மையத்தில் கலவரமடைந்ததால் போர்ன்வுட் என்ற மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவரைத் தம் வீட்டில் வைத்துப் பராமரித்துவந்த தம்பதியர் பார்க்கவும் தடை விதிக்கப்பட்டது. மனநலச் சட்டத்தின் கீழ் அவரைத் தடுத்து வைக்கவில்லையே, அவர் வெளியேற முயலவும் இல்லையே என்றது மருத்துவமனை. எதிர்க்காததே சம்மதம் என்பது அதன் வாதம். 2004-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முடிவெடுக்க இயலாத ஒருவரைச் சட்ட நடைமுறை ஏதுமின்றித் தடுத்து வைத்தது அவருடைய சுதந்திரத்தைப் பறித்ததாகும் என்று தீர்ப்பளித்தது.

அதன் விளைவாக 2009 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிகளின்படி, ஓர் இல்லம் ஒருவரைத் தன் விருப்பப்படி பூட்டி வைக்க முடியாது. உள்ளாட்சி மன்றத்திடம் அனுமதி கோர வேண்டும். மன்றம் ஆறு மதிப்பீடுகளைச் செய்விக்கும். வயது, மனநல நிலை, முடிவெடுக்கும் திறன், அவருடைய நலனுக்கு இது உகந்ததா என்பது, வேறு சட்டத்தின் கீழ் வர வேண்டியவரா என்பது, முன்பே அவர் இதை மறுத்து எழுதி வைத்திருக்கிறாரா என்பது. குறைந்தது இருவர் மதிப்பிட வேண்டும். மனநலத்தை மதிப்பிடுபவரும், நலனுக்கு உகந்ததா என்று மதிப்பிடுபவரும் ஒருவராகவே இருத்தல் கூடாது. அனுமதி அதிகபட்சம் 12 மாதங்களுக்கே. உள்ளே இருப்பவருக்கு ஒரு பிரதிநிதி உண்டு. அனுமதியை எதிர்த்து நீதிமன்றம் செல்ல வருமான வரம்பின்றிச் சட்ட உதவியும் உண்டு.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய மூவர் தொடர்பான வழக்கில் சுதந்திரப் பறிப்புக்குத் தெளிவான வரையறை தந்தது. தொடர்ந்த கண்காணிப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருக்கிறார், விருப்பப்படி வெளியேற முடியாது என்றால் அது சுதந்திரப் பறிப்பே. இடம் எவ்வளவு வசதியாக இருந்தாலும், அவர் மகிழ்ச்சியாகவே இருந்தாலும் அது மாறாது. பொன்னால் செய்த கூண்டும் கூண்டுதான் என்று நீதிபதி ஹேல் குறிப்பிட்டது அந்தத் தீர்ப்பில்தான். அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 13,000-ஆக இருந்த விண்ணப்பங்கள், பின்னாளில் ஆண்டுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டின. மதிப்பீட்டாளர்கள் போதவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை தேங்கி நின்றன. பலர் மதிப்பீடு முடியும் முன்பே காலமானார்கள். இதற்கு மாற்றாக 2019-இல் இயற்றிய புதிய முறையை நடைமுறைப்படுத்துவதையும் 2023-இல் அரசு தள்ளிவைத்தது. நல்ல சட்டம் எழுதிவிட்டு ஆள் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கிலாந்தே பாடம்.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் என்பதற்குத் தரும் விளக்கத்தில் சிந்தனை, மனநிலை ஆகியவற்றோடு, இடம் - காலம் அறியும் உணர்வு, நினைவாற்றல் ஆகியவற்றில் ஏற்படும் கடும் கோளாறும் இடம்பெற்றுள்ளது. அத்தகையோர் தங்கவைக்கப்பட்டுப் பராமரிக்கப்படும் இடம் மனநல நிறுவனமாகப் பதிவு பெற வேண்டும். இந்தச் சொற்களைப் படிக்கும்போது, மறதி நோயாளரைப் பூட்டி வைக்கும் இல்லங்கள் இதில் அடங்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால், அக்கா முதலில் சேர்ந்த இல்லம் சாதாரண முதியோர் இல்லம் என்ற பெயரில்தான் இயங்கியது. அதன் நிர்வாகிக்கு இப்படியொரு சட்டம் தம்மைத் தொடும் என்ற எண்ணமே இல்லை.

அந்தச் சட்டம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். எல்லோருக்கும் முடிவெடுக்கும் திறன் உண்டு என்பதே அதன் தொடக்கநிலை. தகவலைப் புரிந்துகொள்ள முடிகிறதா, முடிவின் விளைவை உணர முடிகிறதா, முடிவைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்க முடிகிறதா என்பவையே சோதனை. அவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுவதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது. அவருடைய சம்மதமின்றி, நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்க்க வேண்டுமானால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநர் அல்லது மருத்துவரும், சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாள்களுக்குள்ளோ, தனித்தனியே பரிசோதித்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி இல்லை என்றும் சான்றளிக்க வேண்டும். சேர்க்கப்பட்டவர் பெண் என்றால் மூன்று நாள்களுக்குள்ளும், ஆண் என்றால் ஏழு நாள்களுக்குள்ளும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அனுமதி 30 நாள்களுக்கே. அதற்கு மேல் தொடர வேண்டுமானால் இரு மனநல மருத்துவர்கள் மீண்டும் பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாடு, சிகிச்சை பெற்றுத் திரும்பக்கூடியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நீளும், திரும்பிச் செல்லாத நோய்க்கு அது சரியாகப் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிற்றூரில் இரு மனநல வல்லுநர்களுக்கு எங்கே போவது? ஆனால், பொருந்தவில்லை என்பதற்காக ஒன்றுமே வேண்டாம் என்று இருந்துவிட முடியுமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். அவர்களைக் கட்டியவர்களும் பாதுகாப்புக்காகவே கட்டியதாகத்தான் சொல்லியிருப்பார்கள். சங்கிலியும் எண் பூட்டும் ஒன்றல்ல. ஆயினும், தீப்பற்றினால் இரவுப் பணியில் இருக்கும் ஒரே ஊழியருக்கு அந்த எண் நினைவிருக்குமா, கதவு தானே திறக்குமா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. முதியவரை மதிப்பிடுவதோடு இல்லத்தையும் மதிப்பிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்கள், அமைதிப்படுத்தும் மருந்தை யார் எழுதித் தருகிறார்கள், வெளிக்காற்றில் நடக்க இடமுண்டா என்பவற்றைக் கேட்காமல் செய்யும் சேர்க்கை பாதி மதிப்பீடுகூட ஆகாது.

சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியவை உண்டு. பூட்டிய பிரிவு உள்ள எந்த இல்லமும், தன்னோடு பண உறவு இல்லாத ஒரு மருத்துவரின் அறிக்கையின்றி எவரையும் அந்தப் பிரிவில் சேர்க்கக் கூடாது என்று அரசு ஓர் ஆணை பிறப்பிக்கலாம். அரசு மருத்துவமனைகளின் முதியோர் நலப் பிரிவுகளும் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் இந்த அறிக்கையைத் தரலாம். வெளியே நடமாட முடியாதவர்களுக்கு மாவட்டக் குழு வீட்டுக்கே செல்லலாம். இதற்குச் செலவாகும். 28,000 ரூபாய் மாதக் கட்டணம் வாங்கும் இடத்தில் அதை ஈடுகட்ட ஒரு சிறு கட்டணம் வசூலிப்பதும், வசதியற்றவர்களுக்கு அரசே ஏற்பதும் இயலாத செயலன்று. இங்கிலாந்துபோல ஆறு படிவங்கள் வேண்டியதில்லை. உடல்நலக் காரணங்கள் தேடப்பட்டனவா, அவரிடமே கேட்கப்பட்டதா, வேறு வழிகள் முயலப்பட்டனவா, பூட்டு எந்த ஆபத்தைத் தடுக்கிறது, மறுபடி எப்போது பார்ப்போம் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்.

இரண்டாம் முறை அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. நோய் முற்றியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தார், மணி ஒலித்தும் மகளால் தடுக்க முடியாமல் ஒருநாள் லாரியின் முன் நின்றார். அந்த முதியோர் நல மருத்துவரே ஓர் உளவியலாளரையும் சமூகப் பணியாளரையும் சேர்த்துக்கொண்டு மூன்று முறை பார்த்தார். ஒருமுறை காலையில், ஒருமுறை வீட்டிலேயே, ஒருமுறை அவர் மிகவும் நிலைகொள்ளாமல் தவிக்கும் அந்தி வேளையில். காதுக் கருவி பொருத்தியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பேசத் தொடங்கினார்கள். புதிய இல்லத்தின் படங்களைக் காட்டி, 'இங்கே தங்கலாமா டீச்சர்?' என்று உளவியலாளர் கேட்டார். அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, 'செடிக்குத் தண்ணி ஊத்த விடுவாங்களா?' என்றார். நான்கு நாள் கழித்து அதே படங்களைக் காட்டியபோதும் அதே கேள்வியைக் கேட்டார். சேர்வதன் விளைவை அவரால் உணர முடியவில்லை, எனவே முடிவெடுக்கும் திறன் இல்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். அதன் கீழே அவருடைய விருப்பம் என்ற தலைப்பில் செடியைப் பற்றியும் எழுதினார்கள்.

அந்த அறிக்கையில் நான் மீண்டும் சாட்சியாகக் கையொப்பமிட்டேன். பூட்டுக்கான காரணம் இரவு நேரச் சாலை விபத்து அபாயம் என்று அதில் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. சென்ற மாதம் வந்த தாளில், 'பகலில் தோட்டக் கதவைப் பூட்ட வேண்டியதில்லை, காலை எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை துணையோடு நடக்கலாம், இரவில் மட்டும் பூட்டு தொடரலாம்' என்று எழுதியிருந்தது. அடுத்த தேதியைக் கீழே சிவப்பு மையில் குறித்திருந்தார்கள். அன்று நான் அங்கே இருக்க வேண்டும் என்று அக்காவின் மகள் சொல்லியிருக்கிறாள்.